சாக்கடையில் வைரஸ் தேடுகிறார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஏன் தேடுவதில்லை?

மந்தைவெளி வாசகி
செவ்வாய், காலை 6.40

வணக்கம். பதினாறு வீடுகள் உள்ள ஒரு பழைய அடுக்ககத்தின் செயலாளர் நான். தேர்தல் நடந்து வந்த பதவி அல்ல. மொட்டைமாடிச் சாவியும் மோட்டார் அறைச் சாவியும் என் வீட்டு ஆணியில் தொங்குகின்றன, அதனால் செயலாளர்.

மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. முதலில் இரண்டாம் மாடிக் கல்லூரி மாணவனுக்கு மஞ்சள் காமாலை. வெளியில் எங்கோ கண்டதைச் சாப்பிட்டிருப்பான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம், அவன் அம்மா உட்பட. பத்து நாள் கழித்துத் தரைத்தளத்தில் ஒருவருக்கு. அவருக்கு வயது முப்பத்தைந்து. அலுவலகத்துக்குக்கூட வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகிறவர். போன வாரம் அவருடைய எதிர்வீட்டுப் பெண். நடுவில் நான்கைந்து குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்து இரண்டு நாளில் நின்றன. இப்போது முதல் மாடியில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். அவருடைய மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தண்ணீரைத் தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். கோலிஃபார்ம் பாக்டீரியா இல்லை, ஈ.கோலை பாக்டீரியா இல்லை, குடிக்க ஏற்றது என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கையை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய அன்று மாலைதான் மூன்றாவது ஆளுக்குக் கண் மஞ்சளானது.

நேற்றுக் காலை ஏழு மணி இருக்கும். நடைப்பயிற்சி போகும் வழியில் கழிவுநீர் உந்து நிலையம் ஒன்று உண்டு. வாசல் திறந்திருந்தது. கையுறையும் முகக்கவசமும் போட்ட இரண்டு இளைஞர்கள் கயிற்றில் கட்டிய வாளியைக் கழிவுநீர் சேரும் கிணற்றில் இறக்கி மேலே எடுத்தார்கள். புனல் வைத்து ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றினார்கள். பாட்டிலின் வெளிப்புறத்தை ஏதோ மருந்தில் நனைத்த துணியால் துடைத்து, எண் எழுதி, பனிக்கட்டிப் பொதிகள் அடுக்கிய நீலப் பெட்டியில் வைத்தார்கள். என்ன தம்பி என்று கேட்டேன். "போலியோவும் வேறு சில குடல் வைரஸ்களும் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம் அம்மா" என்றார் ஒருவர்.

அங்கேயே நின்றுவிட்டேன். ஊரே கழித்துவிட்டதில் வைரஸைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், நாங்கள் குடிப்பதில் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? எங்கள் கட்டடத்தின் கழிவும் அந்தக் கிணற்றுக்குத்தான் போகிறது. அதில் காமாலை வைரஸ் இருந்தால் எங்களுக்குச் சொல்வார்களா? எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், மூன்று வாரமாக அதைத்தான் செய்கிறோம்.


ஆலந்தூர்க்காரர்
செவ்வாய், காலை 8.05

கொதிக்க வைத்துக் குடியுங்கள். மன்னிக்கவும், விளையாட்டுக்கு.

கொரோனா காலத்திலும் இங்கே சாக்கடை நீரை எடுத்துப் பார்த்தார்கள். எடுப்பார்கள், பார்ப்பார்கள், கட்டுரை எழுதுவார்கள். நமக்கு ஒரு சீட்டு வராது. எங்கள் கட்டடத்தில் பேசாமல் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம்.


பழைய ஆய்வகத்தான்
செவ்வாய், பிற்பகல் 3.20

அம்மா, இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒரே பாட்டிலில் ஊற்றியிருக்கிறீர்கள். பிரித்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். சென்னையில் ஓர் அரசு வைரஸ் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் நுட்பனராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்ல. எந்த ஆய்வகம் என்று எழுதமாட்டேன். எழுதினால் பழைய சகாக்கள் பிழை திருத்த வரிசையில் வந்து நிற்பார்கள்.

முதலில் அந்த நீலப் பெட்டி. குடல் வைரஸ் என்பது வாய் வழியாகப் போய், குடலிலோ கல்லீரலிலோ பெருகி, மலத்தோடு வெளியேறும் கூட்டம். போலியோ, காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ, வாந்திபேதி தரும் நோரோ, ரோட்டா எல்லாம் இதில் சேர்த்தி. தொற்றிய பலருக்குத் தொற்றியதே தெரியாது என்பதுதான் இவற்றின் தந்திரம். போலியோவில் ஏறக்குறைய 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கைகால் செயலிழக்கும். மற்றவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டே கழிவறையில் வைரஸை இறக்கிக்கொண்டிருப்பார்கள். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது, சாக்கடையில் அவர்கள் கணக்கு இருக்கும்.

1939-லேயே அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரச் சாக்கடை நீரைக் குரங்குக்குச் செலுத்திப் போலியோ வைரஸ் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். இந்தியாவில் போலியோவுக்காகச் சாக்கடையைத் தொடர்ந்து கண்காணிப்பது 2001-இல் மும்பையில் தொடங்கியது. நம் நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்ட சிறுமி. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அப்புறம் ஏன் இன்னும் வாளியை இறக்குகிறார்கள் என்று கேட்பீர்கள். 2016-இல் ஹைதராபாத் அம்பர்பேட்டைக் கழிவுநீரில், சொட்டு மருந்தில் இருக்கும் பலவீனமாக்கிய வைரஸ் உருமாறிய இரண்டாம் வகைப் போலியோ கிடைத்தது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியில் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2022-இல் லண்டனிலும் இதே கதைதான். காஸாவில் 2024 ஜூனில் எடுத்த மாதிரிகளில் வைரஸ் தெரிந்தது. பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் செயலிழந்தது போலியோவால்தான் என்று ஆகஸ்டில் உறுதியானது. சாக்கடை முன்கூட்டியே சொல்லும் என்பது உண்மை. கேட்டவுடன் ஓட ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆலந்தூர் நண்பர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அந்த ஒரு லிட்டர் ஆய்வகத்துக்கு வந்தபின் நடப்பதைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் பாதிக் காலை நேரங்கள் அதில்தான் போயின. முதலில் மையவிலக்கியில் சுழற்றிக் கசடைப் பிரிப்போம். தெளிந்த நீர் 500 மில்லி. அதில் பாலிஎத்திலீன் கிளைகால் கரைசல் 287 மில்லி, டெக்ஸ்ட்ரான் கொஞ்சம், உப்புக்கரைசல் கொஞ்சம். நன்றாகக் கலக்கி, அடியில் குழாய்த்திருகு வைத்த பெரிய கண்ணாடிப் புனலில் ஊற்றி, இரவு முழுவதும் குளிர் அறையில் 4 டிகிரியில் விட்டுவிடுவோம். காலையில் வந்து பார்த்தால் பாலில் ஆடை பிரிந்த மாதிரி இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும், ஆனால் இங்கே நமக்கு வேண்டியது அடியில் இருக்கும். மேலே நிறைய, கீழே விரற்கடை அளவு. நடுவில் அழுக்கு நிறத்தில் ஒரு படலம். வைரஸ் எல்லாம் அந்தப் படலத்திலும் கீழடுக்கிலும் வந்து சேர்ந்திருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அரை லிட்டர் சாக்கடை அப்போது பத்து மில்லி ஆகியிருக்கும்.

அதைச் சுத்தம் செய்து, குடுவையில் வளர்த்த உயிரணுக்கள்மேல் விடுவோம். தினமும் நுண்ணோக்கியில் பார்ப்போம். ஐந்து நாள், பிறகு புதிய குடுவையில் இன்னும் ஐந்து நாள். வைரஸ் இருந்தால், பாய் விரித்ததுபோல் ஒட்டிக்கிடந்த உயிரணுக்கள் உருண்டு, கண்ணாடியை விட்டுக் கழன்று மிதக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தாண்டு கழித்து அதைப் பார்த்துக்கொண்டே டீ எப்போது வரும் என்று கேட்டேன்.

இப்போது பல இடங்களில் நேரடியாக மரபணுவைத் தேடும் பிசிஆர் முறைதான். அன்றே முடிவு வரும். ஒரு குறை உண்டு: செத்த வைரஸின் துண்டையும் அது வைரஸ் என்றே சொல்லும். உயிரணுக் குடுவை அப்படிப் பொய் சொல்லாது, ஆனால் தாமதிக்கும். நோரோ போன்றவை அந்தக் குடுவைகளில் வளரவே வளராது. அவற்றுக்குப் பிசிஆரை விட்டால் வழியில்லை.

சென்னைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து எல்லாவற்றையும் நீர்க்க வைத்துவிடும். அப்போது வைரஸ் குறைந்ததா, தண்ணீர் கூடியதா என்று தெரியாது. அதற்கு அழகான ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். மிளகாய்ச் செடியைத் தாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது. மிளகாய் தின்பவர்களின் வயிற்றில் அது ஒன்றும் செய்யாமல் நுழைந்து அப்படியே வெளியே வரும். மாதிரியில் மிளகாய் வைரஸ் எவ்வளவு என்று அளந்தால் அதில் மனிதக் கழிவு எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். ஆந்திரா மெஸ் பக்கம் கணக்கு எகிறுமா என்று நாங்கள் கேலி பேசுவோம். தீபாவளிக்கு மறுநாள் மாதிரி எடுக்காதீர்கள் என்று வேறு சொல்வேன். எண்ணெயும் சீயக்காயுமாக மையவிலக்கிக் குழாயைக் கழுவி மாளாது.

இன்னொன்று: 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சேர்ந்த பகுதிகள் எல்லாவற்றுக்கும் பாதாளச் சாக்கடை உடனே வந்துவிடவில்லை. கழிவுநீர்த் தொட்டியும் லாரியுமாக இருக்கும் தெருவின் வைரஸ் எந்த உந்து நிலையத்துக்கும் நாள்தோறும் வந்து சேராது. வாளி இறங்குகிற இடத்துக்குக் குழாய் போட்டவர்களின் கணக்கைத்தான் அது சொல்லும்.

எந்த வீடு என்று தெரியுமா? தெரியாது. ஓர் உந்து நிலையத்துக்கு ஆயிரக்கணக்கான வீடுகளின் கழிவு வருகிறது. ஒரே கட்டடத்தின் குழாயில் தேடினால் கதை வேறு. 2020-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதியின் கழிவுநீரில் கொரோனா தெரிந்தது. அங்கிருந்த 311 பேரைப் பரிசோதித்து, அறிகுறியே இல்லாத இருவரைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் தெருவுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள்.

இனி உங்கள் குழாய். சாக்கடையில் வைரஸ் கொழித்துக் கிடக்கும், அரை லிட்டர் போதும். குடிநீரில் இருந்தால் எங்கோ ஒன்றிரண்டு. அதைப் பிடிக்க நூற்றுக்கணக்கான லிட்டரை வடிகட்ட வேண்டியிருக்கும். நோரோ போன்றதற்கு அந்த ஒன்றிரண்டு பத்தானாலே வயிற்றைக் கலக்கப் போதும். அதனால்தான் குடிநீரில் வைரஸைத் தேடாமல், மலம் கலந்ததற்கு அடையாளமாக ஈ.கோலையைத் தேடுகிறோம். அது பெரும்பாலும் நல்ல சாட்சி, எப்போதும் அல்ல. ஈ.கோலை பூசணிக்காய் என்றால் ஹெபடைடிஸ் வைரஸ் கடுகு. குளோரினுக்குப் பாக்டீரியா சீக்கிரம் சாகும். இந்த வைரஸ்களில் சில தாக்குப்பிடிக்கும்.

டெல்லியில் 1955 டிசம்பரில் தொடங்கிய காமாலை இதற்கு வகுப்பெடுத்தது. யமுனையில் சாக்கடை நீர் ஏறி வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாய்க்கே வந்துவிட்டது. ஆபத்து தெரிந்து குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு கூடவில்லை, சீதபேதி கூடவில்லை. காமாலை மட்டும் சுமார் 29,000 பேருக்கு வந்தது. அது ஹெபடைடிஸ் ஏ என்றே கால் நூற்றாண்டு நினைத்திருந்தார்கள். சேமித்து வைத்த ரத்தத்தைப் பிற்காலத்தில் சோதித்தபோதுதான் ஏ இல்லை என்று தெரிந்தது. அது இன்று நாம் ஹெபடைடிஸ் இ என்று சொல்வது.

ஆகவே உங்கள் லிஃப்ட் பக்கத்து அறிக்கையைக் கிழித்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி, வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். மாதிரி எடுத்த பாட்டில் யாருடையது?


மந்தைவெளி வாசகி
செவ்வாய், இரவு 9.10

வெட்கமாகத்தான் இருக்கிறது ஐயா. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். நன்றாகக் கழுவித்தான் எடுத்தேன். குழாய்த் தண்ணீர் கீழ்த்தொட்டியில் வந்து நிறைந்த காலையில், என் சமையலறைக் குழாயில் பிடித்தேன். பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தது மறுநாள்.


பழைய ஆய்வகத்தான்
செவ்வாய், இரவு 9.45

நினைத்தேன். குளோரின் கலந்த நீருக்குப் பரிசோதனைக்கூடம் கொடுக்கும் கிருமிநீக்கிய பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் துளி போட்டிருப்பார்கள். நீரை எடுத்த கணத்திலேயே அது குளோரினை முடக்கிவிடும். உங்கள் பாட்டிலில் குளோரின் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, இருந்த பாக்டீரியாவையும் கொன்றிருக்கும். அதுவும் புதுத்தண்ணீர் நிறைந்த காலை. உங்கள் 'இல்லை' எதையும் நிரூபிக்கவில்லை. பாட்டில் எப்படி வந்தது என்று கேட்காமல் முத்திரை குத்தியவர்களைச் சொல்ல வேண்டும்.

மறுபடி கொடுப்பதானால் அவர்களிடமே பாட்டில் வாங்குங்கள். கிண்டி கிங் நிலையத்திலும் நீர்ப் பகுப்பாய்வுப் பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்குமுன் காசு அதிகம் ஆகாத வேலை ஒன்று. குளோரின் பார்க்கும் சொட்டு மருந்துக் குப்பி வாங்குங்கள். நீரில் சில சொட்டு விட்டால் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். கூட வரும் வண்ண அட்டையோடு ஒப்பிடலாம். இந்தியத் தரம் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கேட்கிறது. வைரஸிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் 0.5 என்று அதே தரமே சொல்கிறது. மூன்று இடத்தில் பாருங்கள்: தெருக்குழாய் உள்ளே நுழையும் இடம், கீழ்த்தொட்டி, மொட்டைமாடித் தொட்டி. எந்த இடத்தில் மஞ்சள் மறைகிறதோ அங்கே ஏதோ ஒன்று குளோரினைத் தின்றுகொண்டிருக்கிறது.

மேலும் ஒன்று. ஹெபடைடிஸ் ஏ தொற்றி அறிகுறி தெரியச் சராசரியாக 28 நாள். நீங்கள் தேட வேண்டியது இந்த வாரத் தண்ணீரை அல்ல, போன மாதத் தண்ணீரை. அப்போது உங்கள் கட்டடத்தில் என்ன நடந்தது?


வியாசர்பாடி செவிலியர்
புதன், காலை 7.30

பழைய ஆய்வகத்தான் ஐயா தண்ணீரைப் பற்றியே பேசிவிட்டார். மனிதர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

அம்மா, காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, நிறத்தின் பெயர். மூவருக்கும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டுக்கும் ஐஜிஎம் (புதிதாகத் தொற்றியதைக் காட்டும் எதிர்ப்பொருள்) பார்த்தார்களா என்று கேளுங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, அந்தச் சண்டையில் இருபது வருடமாகத் தோற்றுவிட்டேன். ஆனால் அதைச் சாக்காக வைத்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஹெபடைடிஸ் இ என்று வந்தால் அந்தக் கர்ப்பிணிக்கு விஷயம் வேறு. கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. இறப்பு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து வரை போவதாகச் சொல்வார்கள். முடிவு தெரியும்வரை அவரை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எப்படியும் வளைகாப்புக்குப் போகிற மாதம்தான். அவருடைய மகப்பேறு மருத்துவரிடமும் கட்டடத்தில் காமாலை என்று இன்றே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கழிவறையை விட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கையில் தடவும் சானிடைசர் நோரோவை அவ்வளவாகச் சீண்டாது. ஒரே வீட்டில் மூவர் நோயாளி என்றால்கூட நாங்கள் வட்டார சுகாதார அலுவலருக்குச் சொல்வோம். உங்களுடையது ஒரே கட்டடம். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். உங்கள் கடிதம் அந்த நீலப் பெட்டியைவிட வேகமாகப் போய்ச் சேரும்.


உந்து நிலையத்தில் வேலை பார்ப்பவன்
புதன், பகல் 11.50

வேறு பகுதியில் பம்பு இயக்குபவன் நான். எங்கள் நிலையத்திலும் மாதிரி எடுக்க வருவார்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள்தான் வருவார்கள், ஊரே எழுந்து குளித்து முடிக்கும் நேரம், கிணறு மளமளவென்று ஏறும். அந்த நீரில்தான் சரக்கு இருக்குமாம்.

ஒரு விஷயம் எழுதத் தோன்றியது. பலத்த மழையில் தெருவில் மூடி வழியாகக் கழிவுநீர் பொங்குவதை எல்லோரும் பார்க்கிறார்கள், புகார் செய்கிறார்கள். அதே நேரத்தில் வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் சேம்பரிலும், அதாவது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் குழியிலும், நீர் விளிம்புவரை ஏறி நிற்கும். மூடி போட்டிருப்பதால் தெரியாது. பக்கத்தில் கீழ்த்தொட்டி இருந்து, அதன் சுவரில் விரிசல் இருந்தால், கழிவுநீர் எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் சேம்பருக்கும் தொட்டிக்கும் நடுவே நாலடிகூட இருக்காது. வேப்பமரம் இருந்தால் அதற்குமேல் சொல்ல வேண்டாம்.


மந்தைவெளி வாசகி
சனி, இரவு 8.25

எல்லோருக்கும் பதில் தர வேண்டியவள், நான்கு நாள் ஆகிவிட்டது.

ரத்தப் பரிசோதனையில் இருவருக்கு ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது. மாணவனுக்கு முன்பே பார்த்திருந்தார்கள், அதுவும் 'ஏ' வகைதான். அவன் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பிணி மயிலாடுதுறைக்குப் போய்விட்டார். மாமியார் இப்போது என்னோடு பேசுகிறார். சுகாதார நிலையத்தில் கடிதம் கொடுத்து ரசீது வாங்கினேன். மறுநாளே ஒருவர் வந்து வீடு வீடாக எழுதிக்கொண்டு போனார்.

சொட்டு மருந்து சோதனையைப் புதன் மாலையே செய்தேன். குழாய் நுழையும் இடத்தில் எலுமிச்சை நிறம். கீழ்த்தொட்டியில் எடுத்ததில் எத்தனை சொட்டு விட்டும் நிறமே மாறாமல் வெறும் தண்ணீர் மாதிரியே இருந்தது. எங்கள் காவலாளி எட்டிப்பார்த்து, மருந்து கெட்டுப்போய்விட்டது அம்மா என்றார். மறுபடி குழாயில் பிடித்து விட்டேன், மஞ்சள்.

போன மாதம் என்ன நடந்தது என்று ஐயா கேட்டிருந்தார். நாட்காட்டியைப் புரட்டினேன். நாற்பத்தைந்து நாள் முன்பு இரவு முழுக்கக் கொட்டிய மழை. மறுநாள் எங்கள் சந்தில் கழிவுநீர் முழங்கால் அளவு நின்றது. உந்து நிலையத் தம்பி எழுதியதைப் படித்தபின் சேம்பருக்கும் தொட்டிக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன். மூன்றடி எட்டு அங்குலம். நடுவில் வேப்பமரம் இல்லை. அரசமரம், அதுவும் யாரும் நடாதது, மதில் வெடிப்பில் தானாக முளைத்தது.

இன்று காலை தொட்டியைக் காலி செய்தோம். பிளம்பர் உள்ளே இறங்குமுன் கழிவறைக் குழாயை அடைத்து, சேம்பரில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். பிறகு என்னிடம் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இருக்கிறதா என்று கேட்டார். முழு பாட்டிலையும் சேம்பரில் கவிழ்த்தார். நாங்கள் ஆறு பேர் தொட்டியின் வாயைச் சுற்றி நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. தயிர்சாதக்காரர் கண் இன்னும் லேசாக மஞ்சளாக, சால்வை போர்த்திக்கொண்டு அவர் வீட்டு ஜன்னலில் நின்றார். அப்போது காவலாளி, அம்மா அங்கே பாருங்கள் என்றார். கிழக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், அரசமர வேர் நுனி ஒன்று நூல் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் நீலமாக ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு, விழுந்தது.